கண்ணு ஒரே மாதிரி ஓடினா காப்பியா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பெங்களூரு பதிப்புல ஆன்லைன் பரீட்சைகளை கேமரா வெச்சு கண்காணிக்கிறதப் பத்தி அரைப்பக்கத்துக்கு ஒரு கட்டுரை வந்துச்சு. கண் பொய் சொல்லாதுன்னு கொட்டை எழுத்துல தலைப்பு. ரெண்டு பேரோட கண் அசைவு இத்தனை சதவீதத்துக்கு மேல ஒத்துப்போனா அவங்க சேந்து எழுதியிருக்காங்கன்னு கம்ப்யூட்டரே கண்டுபிடிச்சிடுதாம், மனுஷன் தேவையே இல்லையாம். காலைல காபியோட அதைப் படிச்சதும் எனக்கு அடுத்த வாய் இறங்கல. கண் பொய் சொல்லாதுங்கறது சரி சார், ஆனா கண்ணு என்ன சொல்லுதுன்னு சொல்றது யாரு? அந்த சதவீதம் எங்கேருந்து வருதுன்னு கட்டுரைல ஒரு வரி கூட இல்ல. அதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதுறேன், இடம் இல்லைன்னா வெட்டிக்கோங்க, ஆனா நடுவுல கணக்கு வர்ற இடத்தை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க.

நான் யாருன்னு சொல்லிடறேன். இங்க ஒரு ஆராய்ச்சி லேபுல பதினோரு வருஷமா உதவியாளரா இருக்கேன், கான்ட்ராக்ட்ல தான். பெரிய பட்டம் எல்லாம் கிடையாது. ஐ ட்ராக்கர், அதாவது கண் எங்க பாக்குதுன்னு அளக்கிற கேமரா, அது முன்னாடி ஆளை உக்கார வெக்கிறது, தாடையை ஸ்டாண்டுல வெக்கச் சொல்றது, ஒன்பது புள்ளி காட்டி கேமராவை அந்த ஆள் கண்ணுக்கு ஏத்த மாதிரி சரிபண்றது (காலிப்ரேஷன்னு சொல்வோம்), சரியா வரலைன்னா மறுபடி பண்றது, இதான் என் வேலை. கண்மை போட்டுக்கிட்டு வர்ற பொண்ணுங்களை பாத்ரூமுக்கு அனுப்பி கழுவிட்டு வரச் சொல்றதும் நான்தான், ஏன்னா கேமராவுக்கு கருப்பா இருக்கிறதெல்லாம் கண்மணிதான், மை எது பாப்பா எதுன்னு அதுக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் போயிட்டு நேரா வந்த ஒரு பொண்ணு கோச்சுக்கிட்டு திரும்பிப் போனதும் உண்டு. ஆக, கண் அசைவு டேட்டாங்கறது எவ்ளோ கஷ்டப்பட்டு வர்ற பண்டம்னு எனக்குத் தெரியும், அதை வெச்சு ஒருத்தர் தலையெழுத்தை எழுதுறாங்கன்னா வயிறு எரியுது.

எரியறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, மறைக்க வேண்டாம். என் அக்கா பையன் இங்க பிடிஎம் லேஅவுட்ல ஒரு ரூம் எடுத்து ஃப்ரெண்டோட தங்கியிருக்கான். ரெண்டு பேரும் ஓசூர் பக்கம் ஒரே காலேஜ். ஒரு கம்பெனியோட வேலைக்கான ஆன்லைன் டெஸ்ட்டை ரெண்டு பேரும் அதே ரூம்ல, அவனவன் லேப்டாப்ல, ஆளுக்கொரு சுவர் பாத்து உக்காந்து எழுதினாங்க. பத்து நாள் கழிச்சு மெயில் வருது, உங்க கண் அசைவு இன்னொரு தேர்வரோட கண் அசைவோட மிக அதிகமா ஒத்துப்போகுது, அதனால உங்க தேர்வு ரத்துன்னு. ராத்திரி பதினோரு மணிக்கு எனக்கு போன் போட்டான். சித்தி, நீதான கண்ணு மிஷின்ல வேலை பாக்குற, இது என்ன சித்தி, நான் அவன் பக்கம் திரும்பக்கூட இல்லன்னான். டேய், எந்த முறைல கணக்குப் போட்டாங்கன்னு மெயில்ல இருக்கான்னு கேட்டேன். இல்ல. யாரோட யாரை ஒப்பிட்டாங்கன்னு? அதுவும் இல்ல. வெறும் ஒரு சதவீதம், அவ்ளோதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். நம்ம கண்ணு நாம நினைக்கிற மாதிரி வழுக்கிக்கிட்டே போகாது சார். ஒரு இடத்துல நிக்கும், டக்குனு தாவும், மறுபடி நிக்கும். படிக்கும்போது ஒவ்வொரு நிறுத்தமும் சராசரியா கால் செகண்டுக்கு கொஞ்சம் கம்மி, தாவல் அதுல பத்துல ஒரு பங்கு நேரம் இருக்கும். தாவுற நேரத்துல நமக்குக் கிட்டத்தட்ட எதுவுமே தெரியாது. நின்னு பாக்குறப்பவும் தெளிவா தெரியறது, கையை முழுசா நீட்டி கட்டைவிரலைத் தூக்கினா அந்த விரல் அகலம் எவ்ளோவோ அவ்ளோ இடம்தான், மத்ததெல்லாம் மங்கல். அதனாலதான் கண்ணு செகண்டுக்கு மூணு நாலு தடவை இடம் மாறிக்கிட்டே இருக்கு. 1870-கள் கடைசிலயே பாரிஸ்ல ஜவால்ங்கிற கண் டாக்டரோட ஆட்கள் இந்தத் தாவலை கவனிச்சு எழுதியிருக்காங்க, அப்ப கேமராவும் கிடையாது ஒண்ணும் கிடையாது. எங்க லேபுல நிறுத்தத்தை ஃபிக்ஸேஷன்னும் தாவலை சக்கேட்னும் மொத்தமா போன வழியை ஸ்கேன்பாத்னும் சொல்வோம். பஸ் ஸ்டாப், ரூட்னு நினைச்சுக்கோங்க, போதும்.

சரி, ரெண்டு பேரோட ரூட் ஒண்ணா வேறயான்னு எப்படிச் சொல்றது? ரொம்ப காலமா இருக்கிற வழி, ஸ்கிரீனைக் கட்டம் கட்டமா பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு எழுத்து குடுத்துடறது. கண்ணு போன வழி அப்ப ஒரு வார்த்தையா மாறிடும். ஒரு வார்த்தையை இன்னொரு வார்த்தையா மாத்த எத்தனை எழுத்தை சேக்கணும், எடுக்கணும், மாத்தணும்னு எண்ணுறதுக்கு 1965-ல லெவன்ஷ்டெயின்னு ஒரு ரஷ்யக் கணித ஆராய்ச்சியாளர் முறை சொன்னார், உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர்ல எழுத்துப்பிழை திருத்துற சாஃப்ட்வேர் கூட அந்த வழியிலதான் பிழைக்குது. 1997-ல பிராண்ட், ஸ்டார்க்னு ரெண்டு பேர் இதே முறையைக் கண்ணுக்குப் போட்டாங்க. கறுப்பு வெள்ளை கட்டம் போட்ட ஒரு படத்தைக் காட்டிட்டு, அப்புறம் வெறும் ஸ்கிரீனைக் காட்டி அந்தப் படத்தை மனசுல நினைன்னு சொன்னாங்க. ஒண்ணுமே இல்லாத ஸ்கிரீன்ல கண்ணு படம் பாத்தப்ப போன வழி மாதிரியே போச்சு. எனக்கு இந்தத் துறைல ரொம்ப பிடிச்ச ஆராய்ச்சி அது. செத்துப்போன எங்க பாட்டி வீட்டை நினைக்கும்போது என் கண்ணு எங்கெங்க போகுதுன்னு பல நாள் கவனிக்கப் பாத்திருக்கேன், கவனிச்சா நின்னுடுது.

இப்ப பரீட்சை ஸ்கிரீனுக்கு நானே ஒரு உதாரணம் போடறேன். கேள்வி இருக்கிற கட்டம் அ, விடைகள் இருக்கிற கட்டம் உ, மேல ஓடுற கடிகாரம் எ, அடுத்த கேள்விக்குப் போற பட்டன் ஒ. அக்கா பையன் கண்ணு அ உ அ உ ஒ-ன்னு போச்சுன்னு வைங்க, கேள்வியைப் படிச்சான், விடையைப் பாத்தான், சந்தேகம் வந்து மறுபடி கேள்வி, மறுபடி விடை, பட்டன். அவன் ஃப்ரெண்டு நடுவுல ஒரு தடவை மணி பாத்தான், அ உ எ அ உ ஒ. ஒரே ஒரு எழுத்துதான் கூட. நீளமான வார்த்தைல ஆறு எழுத்து, அதுல ஒண்ணு வித்தியாசம், ஆக 83 சதவீதம் ஒத்துப்போகுது. அடேங்கப்பா, காப்பி! இப்ப கொல்கத்தால உக்காந்து அதே டெஸ்ட் எழுதுற, இவங்க மூஞ்சியையே பாக்காத ஒருத்தனை எடுத்துக்கோங்க. அவன் கேள்வி பாத்தான், மணி பாத்தான், மறுபடி கேள்வி, விடை, பட்டன், அ எ அ உ ஒ. அக்கா பையனோட ஒப்பிட்டா ஒரு எழுத்து மாறுது, அஞ்சுல ஒண்ணு, 80 சதவீதம். ரூம்மேட் 83, கொல்கத்தாக்காரன் 80. இந்த ரெண்டாவது நம்பரை யாராவது மெயில்ல போட்டாங்களா? உங்க கட்டுரைல போட்டீங்களா? முதல் நம்பரை மட்டும் தனியா காட்டினா யாரைப் பாத்தாலும் திருடன் மாதிரிதான் தெரியும்.

அதோட இந்தக் கட்டம் எவ்ளோ பெருசுங்கிறதும் நம்ம கைல இருக்கிற விஷயம். ஸ்கிரீனை மேல் பாதி கீழ் பாதின்னு ரெண்டா பிரிச்சா ஊர்ல உள்ள எல்லாரும் ஒரே மாதிரி பாத்த மாதிரி வரும். அதே டேட்டாவை நூறு கட்டமா பிரிச்சா கூடப்பிறந்தவன் கூட ஒத்துப்போக மாட்டான். கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருத்தன் பாத்து அந்தப் பக்கம் அரை சென்டிமீட்டர் தள்ளி இன்னொருத்தன் பாத்தா வேற எழுத்து, ஸ்கிரீனோட அந்தக் கோடியைப் பாத்தாலும் வேற எழுத்து, ரெண்டுக்கும் ஒரே தண்டனை. இது அநியாயம்னு தெரிஞ்சுதான் 2010-ல ஸ்கேன்மேட்ச்னு ஒரு முறை வந்துச்சு. புரதங்களோட வரிசையை ஒப்பிட 1970-ல நீடில்மன், வுன்ஷ்னு ரெண்டு பேர் போட்ட கணக்கைக் கண்ணுக்குக் கொண்டு வந்தாங்க. பக்கத்து கட்டம்னா கொஞ்சம் மார்க் குடுக்கும், தூரம்னா வெட்டும். ஒரு இடத்துல நிறைய நேரம் நின்னா அந்த எழுத்தையே நேரத்துக்கு ஏத்த மாதிரி அஅஅஅன்னு திருப்பித் திருப்பிப் போடும், அதனால எவ்ளோ நேரம் நின்னாங்கங்கிறதும் கணக்குல வந்துடும். நல்ல முறைதான், நாங்களும் ஓட்டுவோம், ஆனா அதுலயும் கட்டத்தோட அளவையும் எவ்ளோ தூரம் வரைக்கும் மார்க் குடுக்கறதுங்கறதையும் நாமதான் முடிவு பண்ணணும்.

கட்டமே வேணாம்னு ஒரு கூட்டம் உண்டு. 1990-கள்ல மன்னன் (நம்ம ஊர் மன்னன் இல்ல, அந்த ஆராய்ச்சியாளர் பேரே அப்படித்தான், லேபுல முதல் தடவை கேட்டப்ப நான் சிரிச்சுட்டேன்) அப்புறம் கூட ரெண்டு பேர் சேந்து, ஒருத்தர் நின்ன ஒவ்வொரு இடத்துக்கும் மத்தவர் நின்னதுல கிட்டக்க இருக்கிற இடம் எவ்ளோ தூரம்னு அளந்து சராசரி எடுத்தாங்க. இதுல வரிசையே கணக்குல வராது. சிவாஜிநகர்ல ஏறி மெஜஸ்டிக் போற பஸ்ஸும் மெஜஸ்டிக்ல ஏறி சிவாஜிநகர் வர்ற பஸ்ஸும் அதே ஸ்டாப்புல நின்னா இந்த முறைக்கு ரெண்டும் ஒரே பஸ்தான். சில ஆராய்ச்சிக்கு அது போதும், படத்துல எதெல்லாம் பாத்தாங்கன்னு மட்டும் தெரிஞ்சா போதும்னா வரிசை எதுக்கு? ஆனா பரீட்சைல காப்பியடிச்சானான்னு பாக்க வரிசையும் நேரமும்தான் உயிர். எந்த முறை போட்டாங்கன்னு சொல்லாம நம்பரை மட்டும் சொல்றது, எந்த ஊர் படின்னு சொல்லாம ரெண்டு படி அரிசின்னு சொல்ற மாதிரி.

எல்லாத்தையும் ஒரே நம்பர்ல அடைக்கக்கூடாதுன்னு 2010-ல யரோட்ஸ்காவும் அவங்க கூட்டாளிங்களும் மல்டிமேட்ச்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. நம்ம ஆளுங்களுக்கு இது சட்டுன்னு புரியும், ஏன்னா பொருத்தம் பாக்குற மாதிரிதான். ஜாதகத்துல பத்துப் பொருத்தம், இங்க அஞ்சு. போன வழியோட வடிவம், திசை, தாவலோட நீளம், நின்ன இடம், நின்ன நேரம். அஞ்சுக்கும் தனித்தனியா மார்க். ரஜ்ஜு இல்லைன்னா மத்த ஒன்பதும் இருந்து என்ன பிரயோஜனம்னு எங்க அம்மா கேட்பாங்க, அது மாதிரி வடிவம் ரொம்ப நல்லா பொருந்தியிருக்கும், நின்ன இடம் பொருந்தாது, அப்ப ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைப் பாத்தாங்கன்னு சொல்லவே முடியாது. இன்னொரு கூத்து, இதுல வடிவத்துக்கு எந்த ரெண்டு பேரை எடுத்தாலும் மார்க் மேலதான் இருக்கும், சம்பந்தமே இல்லாத ஆளுங்களுக்கும்தான். கணக்கோட அமைப்பே அப்படி. தரகருக்கு எல்லா ஜோடியும் நல்ல ஜோடிதான், அதை வெச்சு கல்யாணம் நிச்சயம் பண்ணிட முடியுமா?

அதனால எந்த முறையா இருந்தாலும் லேபுல நாங்க முதல்ல தரையையும் கூரையையும் பாப்போம். தரைன்னா சம்பந்தமில்லாத ஆட்களை ஜோடி சேத்து, அதே ஸ்கிரீன் பாத்த டேட்டாவுல என்ன மார்க் வருதுன்னு பாக்குறது, இல்லைன்னா ஒருத்தரோட நிறுத்தங்களைக் குலுக்கிப் போட்டுப் பாக்குறது. கூரைன்னா அதே ஆள் அதே படத்தை ரெண்டாவது தடவை பாத்தா அவரோட அவரே எவ்ளோ ஒத்துப்போறார்னு பாக்குறது. நோட்டன், ஸ்டார்க்னு ரெண்டு பேர் 1971-ல சொன்னது அதுதான், ஒரு ஆள் ஒரு படத்தைத் திரும்பப் பாக்கும்போது தன் பழைய வழியிலயே போற பழக்கம் உண்டுன்னு. (எப்பவும் அப்படின்னு இன்னிக்கு யாரும் சத்தியம் பண்றதில்ல.) இந்தத் தரைக்கும் கூரைக்கும் நடுவுல நம்ம ஜோடி எங்க நிக்குதுன்னு பாத்தாதான் அந்த மார்க்குக்கு ஒரு அர்த்தம். என்னோட பதினோரு வருஷத்துல பாத்த வரைக்கும், புதுசா வர்ற பசங்க முதல்ல தப்பு பண்ற இடமே இதான். பெரிய நம்பர் வந்துடுச்சுன்னு குதிச்சுக்கிட்டு வருவாங்க, எங்க மேடம் கண்ணாடியைக் கழட்டி டேபிள்ல வெச்சுட்டு, சும்மா ஜோடி போட்டா எவ்ளோ வருதுன்னு ஒரே கேள்வி கேப்பாங்க, பையன் மறுபடி சீட்டுக்குப் போயிடுவான்.

தரை ஏன் இவ்ளோ உசரமா இருக்குன்னா, கண்ணை இழுக்கிறது பெரும்பாலும் வெளில இருக்கிற பொருள். அல்சூர் ஏரி ஓரமா பஸ்ல போறப்ப பாருங்க சார், வள்ளுவர் சிலை வந்ததும் ஜன்னலோரம் இருக்கிற நம்மாளுங்க அத்தனை பேரும் திரும்புவாங்க. பதினெட்டு வருஷம் மூடியே கிடந்து 2009-ல திறந்த சிலை, திரும்பாம எப்படி? பஸ்ல பத்து பேர் கண்ணு ஒரே நேரத்துல ஒரே பக்கம் போச்சு, இதுல யாரு யாரைப் பாத்து காப்பியடிச்சாங்க? பரீட்சை ஸ்கிரீனும் அப்படித்தான், கேள்வி மேல இடது பக்கம், விடை கீழ, கடிகாரம் மூலைல. இடமிருந்து வலமா படிச்சே வளந்தவங்களுக்கு வேற எப்படிப் போகும் கண்ணு? இதுக்கு மேல சென்டர் பயாஸ்னு ஒண்ணு இருக்கு. படத்துல முக்கியமான பொருள் எங்க இருந்தாலும் ஸ்கிரீன்னு ஒண்ணைக் காட்டினா ஜனங்க கண்ணு நடுவுல போய் உக்காரும். டாட்லர்னு ஒருத்தர் 2007-ல இதை நல்லா பரிசோதிச்சு எழுதினார். அது ஒண்ணே போதும், முன்பின் தெரியாத ரெண்டு பேரைப் பாதி உறவுக்காரங்க மாதிரி காட்டறதுக்கு.

சரி, பொருள் மட்டும்தான் இழுக்குதா, மனசு இழுக்கலையான்னா, இழுக்குது. இந்தத் துறைல எல்லாரும் சொல்ற கதை ஒண்ணு இருக்கு. யார்பஸ்னு ரஷ்ய ஆராய்ச்சியாளர், அவர் புத்தகம் இங்கிலீஷ்ல 1967-ல வந்துச்சு. கண்ணு மேலயே உறிஞ்சி ஒட்டிக்கிற ஒரு சின்ன மூடியை மாட்டி அளந்தார், இன்னிக்கு எங்க எதிக்ஸ் கமிட்டி கேட்டா மயக்கம் போட்டு விழும். ரேபின் வரைஞ்ச ஒரு ஓவியம், நாடு கடத்தப்பட்டவன் திடீர்னு வீட்டுக்குத் திரும்பி வர்ற காட்சி. அதை ஒரே ஆள்கிட்ட ஏழு தடவை காட்டி ஒவ்வொரு தடவையும் வேற வேலை குடுத்தார், சும்மா பாரு, இவங்க வயசு என்னன்னு சொல்லு, வசதியான குடும்பமா பாரு, வந்தவன் எத்தனை காலம் கழிச்சு வர்றான்னு சொல்லு, இப்படி. அதே ஆள், அதே படம், ஆனா ஒவ்வொரு தடவையும் கண்ணு வேற வழி. வயசு கேட்டப்ப மூஞ்சி மூஞ்சியா போச்சு. அப்ப தலைகீழா, கண்ணு போன வழியை மட்டும் பாத்து என்ன வேலைன்னு சொல்லிட முடியுமான்னு 2012-ல கிரீனும் கூட இருந்தவங்களும் பாத்தாங்க, கம்ப்யூட்டராலயும் முடியல ஆளுங்களாலயும் முடியல. ரெண்டு வருஷம் கழிச்சு போர்ஜி, இட்டினு ரெண்டு பேர் அதே டேட்டாவுல வேற முறை போட்டு, குத்துமதிப்பா சொல்றதைவிடக் கொஞ்சம் நல்லாவே முடியுதுன்னு காட்டினாங்க. இதான் நிலைமை. என்ன வேலை செய்யறான்னு சொல்றதுக்கே இவ்ளோ தகராறு, உங்க கட்டுரை என்னடான்னா அவன் யோக்கியனா இல்லையான்னே கண்ணை வெச்சு சொல்லிடுது.

இன்னொண்ணு கேக்குறேன், இதை அந்த சாஃப்ட்வேர் வித்தவங்க யோசிச்சாங்களான்னே தெரியல. அக்கா பையன் நிஜமாவே ஃப்ரெண்டு லேப்டாப்பை எட்டிப் பாத்தான்னே வெச்சுக்குவோம். எட்டிப் பாத்தா அவன் கண்ணு அவன் ஸ்கிரீனை விட்டு வெளில போகும், அந்த நேரம் ஃப்ரெண்டு கண்ணு ஸ்கிரீன்லதான் இருக்கும். ரெண்டும் ஒத்துப்போகாது, ஒத்துப்போறது குறையும்! காப்பியடிச்சா பொருத்தம் கூடும்னு எந்தக் கணக்குல முடிவு பண்ணாங்க?

ஒரு வழி இருக்கு, நேர்மையா சொல்லணும்னா அதையும் சொல்லணும். ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லி இன்னொருத்தன் கேட்டு எழுதியிருந்தா கண்ணு கோத்துக்கும். ரிச்சர்ட்சன், டேல்னு ரெண்டு பேர் 2005-ல இதைப் பாத்திருக்காங்க. டிவி சீரியல்ல வர்ற ஆளுங்க படத்தைப் பாத்துக்கிட்டே ஒருத்தரைப் பேச விட்டு, அந்தப் பேச்சை இன்னொருத்தருக்குப் போட்டுக் காட்டி, அவர் அதே படத்தைப் பாக்கும்போது கண்ணை அளந்தாங்க. கேக்குறவர் கண்ணு பேசினவர் கண்ணோட கிட்டத்தட்ட ரெண்டு செகண்ட் பின்னால வந்துச்சு. நல்லா ஒட்டி வந்தவங்களுக்குக் கதையும் நல்லா புரிஞ்சிருந்தது. எனக்குப் பாக்கவே அழகா இருந்த விஷயம் இது, பாட்டி கதை சொல்றப்ப அவங்க கைபோற பக்கம் நம்ம கண்ணும் போகுமே, அந்த மாதிரி. ஆக, பசங்க பேசிக்கிட்டு எழுதினாங்கன்னு சந்தேகம்னா, ஒருத்தன் கண்ணு இன்னொருத்தன் கண்ணோட எத்தனை செகண்ட் பின்னால வருதுன்னு காட்டுங்க, கேள்விக்குக் கேள்வி அந்த இடைவெளி நிக்குதான்னு காட்டுங்க, மைக்ல குரல் இருந்தா அதையும் போடுங்க. அப்படி ஒண்ணு இருந்தா நானே முதல் ஆளா அவன் காதைத் திருகுவேன். மொத்த டெஸ்ட்டுக்கும் ஒரே ஒரு சதவீதத்தைத் தூக்கிக் குடுத்தா அதுல முன்னயும் தெரியாது பின்னயும் தெரியாது.

இதெல்லாம் கேமரா சரியா அளந்திருந்தாத்தான் பேச்சே. ஸ்கிரீன்லேருந்து 57 சென்டிமீட்டர் தள்ளி உக்காந்தா ஸ்கிரீன்ல ஒரு சென்டிமீட்டர் கண்ணுக்கு ஒரு டிகிரி, இது எங்க வேலைல மனப்பாடம். எங்க லேப் கேமரா, தாடையை ஸ்டாண்டுல வெச்சு ஆடாம அசையாம இருந்தா, அரை டிகிரி கிட்ட வரும், அதாவது அரை சென்டிமீட்டர், அதுக்கே நான் அரைமணிக்கொரு தடவை புள்ளி காட்டி சரிபாப்பேன். லேப்டாப்ல இருக்கிற சாதா கேமரா பல டிகிரி தவறும். கேள்வியைப் பாக்குறானா விடையைப் பாக்குறானாங்கிறதே சில நேரம் மாறிடும். அக்கா பையன் தடிமனான கண்ணாடி போடறவன், பின்னால ட்யூப்லைட், கண்ணாடில ஸ்கிரீன் வெளிச்சம் பளபளன்னு. எங்க லேபா இருந்தா அப்படிப்பட்ட டேட்டாவை நான் தூக்கிப் போட்டிருப்பேன், அந்த ஆளுக்கு நூறு ரூபா குடுத்து காபி வாங்கிக் குடுத்து அனுப்பியிருப்பேன். இங்க அதை வெச்சு ரெண்டு பேர் வேலையே போயிடுச்சு.

உங்ககிட்ட நான் கேக்குறது பெருசா ஒண்ணும் இல்ல. அடுத்த தடவை யாராவது கண் அசைவு இத்தனை சதவீதம் ஒத்துப்போச்சுன்னு உங்க நிருபர்கிட்ட சொன்னா, எந்த முறைன்னு கேக்கச் சொல்லுங்க, முன்பின் தெரியாத ரெண்டு பேருக்கு அதே ஸ்கிரீன்ல எவ்ளோ வந்துச்சுன்னு கேக்கச் சொல்லுங்க. பதில் இருந்தா நம்பரைப் போடுங்க, இல்லைன்னா நம்பரை விட்டுட்டு மத்ததைப் போடுங்க. அரசியல்வாதி கூட்டத்துக்கு லட்சம் பேர் வந்தாங்கன்னு கட்சிக்காரர் சொன்னா அப்படியே போடமாட்டீங்கள்ல, கட்சித் தரப்புல சொல்றாங்கன்னு போடுவீங்கள்ல, இதுக்கு மட்டும் என்ன தனி மரியாதை? கம்ப்யூட்டர் சொல்லுச்சுன்னா அதுவும் ஒரு தரப்புதான்.

உங்க நிருபர் வேணும்னா எங்க லேபுக்கு வரட்டும், வெளியாட்களை டெஸ்ட்டுக்கு உக்கார வெக்க எங்க மேடம் எப்பவும் ஆள் தேடிக்கிட்டுதான் இருக்காங்க. அவர் கண்ணையும் ஆசிரியர் கண்ணையும் அதே பத்திரிகையோட முதல் பக்கத்தைக் காட்டி அளந்து தர்றேன். தலைப்பு, பெரிய படம், அப்புறம் தங்கம் விலை, இப்படித்தான் ரெண்டு பேருக்கும் போகும்னு நினைக்கிறேன். ஒத்துப்போச்சுன்னா யாரு யாரைப் பாத்து எழுதுறீங்கன்னு நான் ஒண்ணும் கேக்க மாட்டேன்.

அக்கா பையன் அந்த மெயிலுக்கு பதில் போட்டான். அது பதில் போக முடியாத அட்ரஸாம், திரும்பி வந்துடுச்சு. வேற ஒரு அட்ரஸ் தேடிப் பிடிச்சு, எந்த முறை, எந்த ஜோடிகளோட ஒப்பிட்டீங்க, கேமரா சரியா பிடிச்சதுக்கு என்ன ஆதாரம்னு நான் சொல்லச் சொல்ல அவன் டைப் பண்ணி மூணு வாரம் முன்னாடி அனுப்பினான். இன்னும் எதுவும் வரல.

இப்படிக்கு,
பெயர் வெளியிட வேண்டாம் (கான்ட்ராக்ட் வேலை சார், புரிஞ்சுக்குவீங்க)
அல்சூர், பெங்களூரு - 8